பக்கத்து சீட்டின் எடை

பழைய சந்தை மைதானத்தில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடக்கிற காரியத்துக்குப் பெயர் ‘வட்டார மோட்டார் விளையாட்டுப் பேரவையின் சாம்பியன்ஷிப் சுற்று’. நேரில் போய்ப் பார்த்தால் பதினொரு நடுத்தர வயது ஆண்கள், பள்ளம் தோண்டும் இடத்தில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்புகள் அறுபது, ஒரு ஸ்டாப்வாட்ச், இரண்டு ஃபிளாஸ்க் டீ. கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து காரை ஓட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும் என்பதால் முந்த ஆளில்லை, மோதவும் ஆளில்லை. கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். ஓட்டம் ஐம்பது விநாடியில் முடிந்துவிடும். மிச்ச நாள் முழுக்க அந்த ஐம்பது விநாடியைப் பற்றிப் பேசிவிட்டு, வெயிலில் கருத்து, ஏதோ எல்லையைக் காத்துவிட்டு வந்தவர்கள் போல வீடு திரும்புவார்கள்.

இந்தப் பதினொரு பேரில் கண்ணாடிக்காரர் மூன்று வருஷமாக இரண்டாவது. வீட்டின் முன்பக்கம் அவருடைய கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு வெட்டிக் கொடுப்பார், முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போடுவார். கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பதினெட்டு வயதான சின்னக் கார். ஒரு காலத்தில் வெள்ளை. இறுதிச் சுற்று நாளைக்கு. காரின் அடிப்பாகத்தில் சக்கரங்களைக் காரோடு இணைக்கும் இடத்தில் இருக்கிற ரப்பர் உருளைகளான பழைய புஷ் எட்டையும் கழற்றிவிட்டுக் கெட்டி ரப்பரில் செய்த புதிய புஷ்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார். பழையவை வெடித்துப்போய், வளைவில் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பியது. அந்த யோசனையை எடுத்துவிட்டால் முதல் இடம் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. முந்தின நாளே சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கழற்றி, பஸ் டிப்போவுக்குப் பின்னால் அழுத்து இயந்திரம் வைத்திருக்கும் பிரஸ்காரரிடம் கொண்டுபோயிருந்தார். பிரஸ்காரர் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் திட்டத்தான். பழைய புஷ்களை அழுத்தித் தள்ளி, உட்புறத்தைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, அம்புக்குறி பார்த்துப் புதியதை வைத்து இறக்கினார். எட்டும் ‘நங்’ என்று உட்கார்ந்தன. கையில் கொடுக்கும்போது வருஷா வருஷம் சொல்வதை இந்த வருஷமும் சொன்னார்.

“தொங்கவிட்டு முறுக்கிடாத. ரப்பரு உள்குழாயோட ஒட்டிக்கிட்டு இருக்கு. சக்கரம் அந்தரத்துல தொங்கறப்ப போல்ட்ட முறுக்கினேன்னு வை, வண்டிய கீழ எறக்கினதும் ரப்பரு நின்ன எடத்துலயே முறுக்கிக்கிட்டு நிக்கும். ஓட்டவே வேணாம், நின்னுக்கிட்டே கிழிஞ்சிடும். வண்டி தன் பாரத்துல நிக்கணும். ஏர்றவங்க பாரமும் ஏறியிருக்கணும். அப்பதான் கடைசி முறுக்கு.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சவன்தான் தப்புப் பண்றான். தெரியாதவன் எங்கிட்ட விட்டுட்டுப் போயிடறான்.”

ஏறுகிறவர் பாரம். அதில்தான் இந்த வருஷம் சிக்கல்.

போன வருஷம் வரை அந்தப் பாரம் அவருடைய மனைவி. அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்க, அவருக்குப் பதிலாக டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் ஐம்பத்து நாலு கிலோ, அவர் எழுபத்தெட்டு. குறைகிற இருபத்து நாலுக்கு அவள் காலடியில் உடைந்த கண்ணாடித் துண்டு மூட்டை ஒன்று. கடைக் கழிவுக்கு அப்படியும் ஒரு பயன். அவள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஆசிரியருக்கு வந்த கடிதங்களைச் சத்தமாகப் படிப்பாள். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர், விளக்கு விடிய விடிய எரிந்து தூங்கவிடவில்லை என்று இன்னொருவர். ரெண்டு பேரும் ஒரே தெருவா என்று அடியிலிருந்து அவர் கேட்பார். வீடு மாத்திக்கச் சொல்லுங்க என்பாள் அவள். ‘டொக்’ என்று ரெஞ்ச் சொன்னால் ஒரு போல்ட் முடிந்தது என்று அர்த்தம். அவள் அடுத்த கடிதத்துக்குப் போவாள்.

ஒரு தடவை பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டாள்.

“உங்க வெயிட்டுக்கு நான் உக்கார்றேன். என் வெயிட்டுக்கு யாரு உக்காருவா?”

“ஓட்டறப்ப நீ இருக்கமாட்டியே” என்றார் அவர், அடியிலிருந்து. தொழில்நுட்ப ரீதியாகச் சரியான பதில். சரியான பதில் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில் அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தார். அன்றைக்கு மிச்சக் கடிதங்களை அவள் படிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அவள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தாள். ஊரில் எந்தக் குழாய் எந்த வருஷம் எந்தத் தெருவுக்கு அடியில் புதைக்கப்பட்டது என்று கேட்டால், புத்தகத்தை எடுக்காமலே சொல்லுவாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு. வேண்டும் என்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அஞ்சு மணிக்கு வந்துடுங்க, கார்ல.

கண்ணாடிக்காரர் காரைக் கழுவினார். இஸ்திரி போட்ட சட்டை போட்டார். பத்து நிமிஷம் முன்னதாகவே போய் அலுவலக வாசலில் நிறுத்தினார். இதையெல்லாம் நினைத்துத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டும் இருந்தார். ஐந்து மணிக்கு எட்டுப் பத்துப் பேர் சூழ அவள் படியிறங்கி வந்தாள். ஒரு கையில் பூங்கொத்து, இன்னொரு கையில் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம், பெட்டியோடு. உயரதிகாரி இளகிப்போயிருந்தார். யாருக்கும் செய்யாத மரியாதையாகத் தாமே முன்னால் வந்து, குனிந்து, கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே சீட்டு இல்லை.

நாலு போல்ட் ஓட்டையும் ஒரு ஈரத் துணியும் இருந்தன. ‘எடைக் குறைப்பே வேகத்தின் முதற்படி’ என்று பேரவைத் தலைவர் சுற்றறிக்கை விட்டிருந்தார். பின்சீட்டு எப்போதோ போய்விட்டது. முன்பக்கத்துப் பக்கத்து சீட்டு பதினாலு கிலோ. அதைக் கழற்றினால் கால் விநாடி மிச்சம் என்று கணக்குப் போட்டு, ஒரு வாரம் முன்பு கழற்றி ஹாலில் வைத்திருந்தார். சீட்டு ஹாலில் இருப்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க அவள் பார்வையை அதில் நிறுத்தி நிறுத்திப் போனதும் தெரியும். சொல்லாமலே மாட்டுவார் என்று அவள் இருந்தாள். கேட்டால் மாட்டலாம் என்று அவர் இருந்தார். அப்படிக்கூட இல்லை. அவருக்கு அது நினைப்பிலேயே இல்லை. டிரைவர் சீட்டில் உட்காருகிறவனுக்குக் கார் எப்போதும் முழுசாகத்தான் தெரியும்.

ஆள் இருக்கும் குளியலறையைத் தெரியாமல் திறந்துவிட்டவர் போல உயரதிகாரி கதவை மெதுவாகச் சாத்தினார். அவள் யாரையும் பார்க்காமல், “ஒரு டாக்ஸி புடிச்சுக் குடுங்க” என்றாள். டாக்ஸி முன்னால் போக, இவர் பின்னால் போனார். டாக்ஸியின் பின்கண்ணாடி வழியாகக் கடிகாரப் பெட்டி தெரிந்துகொண்டே வந்தது. அந்த நிலைமையிலும், எடை குறைந்ததால் வளைவுகளில் கார் நன்றாகத் திரும்புகிறது என்று அவர் மனசு குறித்துக்கொண்டது. மனசு என்பது அப்படி ஒரு வெட்கங்கெட்ட குமாஸ்தா.

சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. கொஞ்ச நாள் போனதும், “தம்பி வீட்டுக்குப் போறேன், ஒரு பத்து நாள்” என்றாள். சரி என்றார். அவள் போன பிறகுதான் பார்த்தார், கடிகாரத்தையும் எடுத்துப் போயிருந்தாள். பத்து நாளுக்குப் போகிறவர்கள் சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை.

இப்போது ஏழு வாரம். வாரத்துக்கு ஒரு தடவை போனில் பேசிக்கொள்கிறார்கள். கேஸ் வந்துதா, வந்துது. தண்ணி வந்துதா, வந்துது. வீட்டுக்கு வருகிற எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஏழு வாரமாக அவருக்கு முட்டை, ரொட்டி. சில நாள் ரொட்டி மட்டும். அவள் இருந்தவரை வீட்டில் ஒழுங்கு இருந்தது. இப்போது செய்து முடித்த முகக்கண்ணாடிகள் கடையில் இடம் போதாமல் ஹால் சுவர் நெடுக வந்து சாய்ந்து நிற்கின்றன. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே ஏழு பேர் சாப்பிடுகிறார்கள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் மெல்லுகிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள் கண்ணாடிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். அது இதைவிட மோசமாக இருந்தது. மறுபடி திருப்பி வைத்துவிட்டார்.

ஆக, இந்தச் சனிக்கிழமை பாரத்துக்கு ஆளில்லை. நாலு சக்கரத்துக்கும் அடியில் மரக்கட்டைகளை அடுக்கிக் காரை அதன் பாரத்திலேயே நிறுத்தியாயிற்று. எட்டு போல்ட்டும் கைமுறுக்கில் நிற்கின்றன. டிரைவர் சீட்டில் எழுபத்தெட்டு கிலோ ஏற்ற வேண்டும். மூன்று கண்ணாடி மூட்டைகளைத் தராசில் நிறுத்து எழுபத்தெட்டு ஆக்கினார். அதற்குப் பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் ஏறி நின்று பார்த்தார்.

எழுபத்தொன்று.

தராசு தப்பு என்று இறங்கி, தட்டி, மறுபடி ஏறினார். தராசு மாறவில்லை. ஏழு கிலோ எங்கே போனது என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மூட்டையிலிருந்து ஏழு கிலோ கண்ணாடியை அள்ளி வெளியே போட்டார். அதைப் போடும்போது வந்த சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய போர்வையை விரித்து, இரண்டு மூட்டையை சீட்டிலும் ஒன்றைப் பெடல் அருகிலும் வைத்து, சரியாமலிருக்க பெல்ட்டையும் மாட்டினார். கதவைச் சாத்தி எட்ட நின்று பார்த்தால், தலையில்லாத ஒருவர் எங்கேயோ கிளம்பி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. உள்ளே கண்ணாடித் துண்டுகள் ஒன்றை ஒன்று உரசிக் கிலுங் என்றன. பேச்சு என்று எடுத்துக்கொண்டால் அதுதான் அன்றைக்குக் கொட்டகையில் நடந்த முதல் பேச்சு.

ரெஞ்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் புகப் போகும்போது பேரவைத் தலைவர் வந்து சேர்ந்தார்.

இவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்றவர். உள்ளூரில் ‘மைக்’ என்றால்தான் தெரியும். டீ வேண்டும் என்பதைக்கூட நாலு பக்கமும் திரும்பி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்லுவார். வீட்டுக்குள் வந்தவர், உட்காரத் தகுந்த இடம் தேடி, நாற்காலிகளில் எல்லாம் பேப்பர் கட்டும் சட்டமும் கிடக்க, ஹாலில் தரையோடு கிடந்த அந்தக் கார் சீட்டில் போய் உட்கார்ந்தார். முட்டி இடித்தது. அடியில் கையை விட்டு நெம்பை இழுத்து, சீட்டைச் ‘சர்ர்ர்’ என்று அடித் தண்டவாளத்தின் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளிவிட்டு, சாய்ந்துகொண்டார். பேரவையின் வரலாறு தொடங்கியது.

சாரம் இவ்வளவுதான். பத்து வண்டியாவது ஓடினால்தான் அது இறுதிச் சுற்று. பதினொரு பேரில் ஒருவர் சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில். மிச்சம் சரியாகப் பத்து. டயர் கடை முதலாளி சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டுவிட்டார். மேடை இல்லை, ஆனால் மேடைக்கு விரிக்கிற துணி வாங்கியாயிற்று.

கண்ணாடிக்காரர் எதையும் கேட்கவில்லை. அவருக்குக் காதில் விழுந்தது அந்த ‘சர்ர்ர்’ மட்டும்தான். அவள் குள்ளம். பல வருஷமாக அந்த சீட்டு முன்னால் ஏதோ ஒரு பல்லில் நின்றது. எந்தப் பல் என்று அவர் எண்ணி வைத்ததில்லை.

“எந்திரிங்க” என்றார்.

மைக் வரலாற்றின் நடுவில் இருந்தார். “என்ன?”

“சீட்ட விட்டு எந்திரிங்க.”

“இது கழட்டிப் போட்ட சீட்டுதானே?”

“ஆள் இருக்கு.”

மைக் தனக்குக் கீழே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். வாசல் வரை போன பிறகு நாலு பக்கமும் திரும்பி, நாளைக்கு ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடும்படி தெரு முழுவதற்கும் அறிவித்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, தண்டவாளத்தை வெளிச்சத்தில் பார்த்தார். பதினொரு பல். எல்லாவற்றிலும் துரு. மூன்றாவதில் மட்டும் துரு இல்லை. கொக்கி இருந்த இடம் அப்படியே பளபளவென்று இருந்தது. அந்தப் பல்லைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஏழு பேரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினார். நாலு போல்ட். இருபது நிமிஷம் ஆனது. அவள் ஓய்வு பெற்ற அன்றைக்கு அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் இந்த இருபது நிமிஷம் அவரிடம் இருந்தது. காரைத் துடைக்கவே அதற்கு மேல் செலவழித்தார். சீட்டை முன்னால் தள்ளி மூன்றாவது பல்லில் நிறுத்தினார். துணியை நனைத்துத் துடைத்தார். ஏழு வாரத் தூசி கறுப்பாக வந்தது.

அதற்குப் பிறகு அடியில் போய் டிரைவர் பக்கத்து நாலு போல்ட்டையும் முறுக்கினார். டொக். டொக். இன்னும் இரண்டு டொக். மறுபக்கத்துக்கு நகர்ந்து, முதல் போல்ட்டில் ரெஞ்ச்சை வைத்துவிட்டு நிறுத்தினார். சீட்டு இருக்கிறது, பாரம் இல்லை. ஏர்றவங்க பாரமும் ஏறியிருக்கணும் என்று பிரஸ்காரர் சொன்னது ஒருவரைப் பற்றி என்றே இத்தனை வருஷமும் எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே அள்ளிப்போட்டதோடு இன்னும் நாலு மூட்டை கண்ணாடி இருக்கிறது. ஐம்பத்து நாலு கிலோ நிறுப்பது ஒரு வேலையில்லை. ஆனால் தராசு தன்னைப் பற்றியே காலையில் ஏழு கிலோ வித்தியாசம் சொல்லியிருந்தது. அவளைப் பற்றி அவர் வைத்திருந்த கணக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

நாலு மணிக்கு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போன் செய்தார். வாராந்தரப் பேச்சுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதனால் எடுத்தவுடனே அவள் குரலில் கவலை.

“என்னங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இப்ப எத்தன கிலோ இருக்க?”

அந்தப் பக்கம் தம்பி வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ எதற்கோ கைதட்டினார்கள்.

“இதக் கேக்கவா போன் பண்ணீங்க?”

“போல்ட் முறுக்கணும். எட்டுல நாலு முறுக்கியாச்சு. உன் பக்கத்து நாலு பாக்கி.”

“என் பக்கமா?”

“சீட்ட மாட்டிட்டேன்.”

கைதட்டல் நின்றது. தொலைக்காட்சியை அவள் அணைத்துவிட்டாள் போலிருந்தது, அல்லது வேறு அறைக்கு வந்திருந்தாள்.

“நாளைக்குப் பைனல்ல?”

“ஆமா.”

“சீட்டோட ஓட்டினா கால் விநாடி போயிடுமே.”

“போகட்டும்.”

“எந்தப் பல்லுல வச்சிருக்கீங்க?”

“மூணாவது.”

அவள் ஏதோ ஒரு பழைய குழாயின் விவரம் சொல்லுகிற குரலில் சொன்னாள். “அம்பத்தெட்டு. தம்பி பொண்டாட்டி சும்மா இருக்க விடாம போட்டுக்கிட்டே இருக்கா.” பிறகு, “நீங்க?” என்றாள்.

“எழுபத்தொண்ணு.”

“எழுபத்தி எட்டுல்ல?”

“எழுபத்தொண்ணுதான். ரெண்டு தடவ நிறுத்துப் பாத்துட்டேன்.”

பேச்சைத் தொடர வேறு எதுவும் கிடைக்காமல், கடிகாரம் நல்லா ஓடுதா என்று கேட்டார். ஓடலை, பெட்டியிலேயேதான் இருக்கு, இங்க எந்தச் சுவத்துல ஆணி அடிக்கறது என்றாள். சரி என்றார். வைக்கப் போகும் நேரத்தில் அவள் கூப்பிட்டாள்.

“ஏங்க. அந்த சீட்டுல என்னத்த வச்சு முறுக்கப் போறீங்க?”

“கண்ணாடி மூட்டைதான். அம்பத்தெட்டு.”

“அதுல கண்ணாடிய வைக்காதீங்க. தூளு துணிக்குள்ள போயிடும். எத்தன தட்டினாலும் போகாது. அப்பறம் குத்தும்.”

யாருக்கு என்று கேட்க வாயெடுத்துவிட்டார். சரியான கேள்விதான். கண்ணாடிக்காரர் அதைக் கேட்காமல் விழுங்கினார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை விழுங்கியது இதுதான் முதல் தடவை.

“சரி, வைக்கல” என்றார். அவள் போனை வைத்துவிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் டிரைவர் சீட்டு மூட்டைகளை இறக்கிவிட்டு, போர்வையைத் தெருவில் கொண்டுபோய் உதறினார். அவள் பக்கத்து நாலு போல்ட்டும் கைமுறுக்கிலேயே இருந்தன. அப்படியே ஓட்டிப்போனால் ஆபத்து. வெறும் சீட்டோடு முறுக்கினால் ரப்பர் நின்றுகொண்டே கிழியும். இரண்டுமே அவருக்குத் தெரியும். ஹாலில் காலண்டருக்கு மேலே, பகல் வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து ஓர் ஆணி அடித்தார். கொட்டகைக்கு வந்து, பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து வைத்தார். கடிதப் பக்கம் மேலே வரும்படி அன்றைய பேப்பரை மடித்து சீட்டில் வைத்தார். பிறகு ரெஞ்ச்சை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தெருவில் ஒரு வண்டி வந்தது. நிற்கவில்லை. இன்னொன்று நின்றது, எதிர் வீட்டில்.

ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். மைக். ஒன்பது வண்டி நிற்கிறது, டயர் கடை முதலாளி வந்து துணி விரித்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார், எங்கே இருக்கிறீர்கள்?

“வண்டி இன்னும் முடியல” என்றார் கண்ணாடிக்காரர்.

“என்ன பாக்கி?”

“நாலு போல்ட்டு.”

“நாலு போல்ட்டுக்கு எவ்வளவு நேரம்யா ஆகும்?”

கண்ணாடிக்காரர் தெருவைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

“சொல்ல முடியாதுங்க” என்றார். “ஆள் வந்து உக்காரணும்.”